சேவலைக் காணாத முட்டைகள்

சேர்ந்தகுளம் பேருந்து நிலையத்துக்கு எதிரே பீர்முகம்மது பாய் நடத்திவந்த பரோட்டாக் கடையில், ஒரு வைகாசி மாதத்து மாலையில், மாஸ்டர் கோமதிநாயகம் கொத்து பரோட்டாவுக்காக ஒரு முட்டையை எடுத்துக் கல்லின் விளிம்பில் தட்டினான். ஓடு இரண்டாகப் பிளந்ததும் மஞ்சளும் வெள்ளையும் வழியவில்லை, ஈரமாக ஒரு கோழிக்குஞ்சு தலையை நீட்டியது. கொதிக்கும் கல்லில் விழுந்துவிடாமல் அதை இடது கையில் ஏந்தி, தோளில் கிடந்த துண்டால் துடைத்து, வெங்காயக் கூடைக்குள் விட்டுவிட்டு அவன் அடுத்த முட்டையை எடுத்தான். அதிலும் குஞ்சு இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது. இலை போட்டுக் காத்திருந்த லாரி டிரைவர், முட்டை இல்லாமலே கொத்திப் போடுங்கள், சால்னா மட்டும் கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுத் தன் போனைப் பார்க்க ஆரம்பித்தார்.

அவை பண்ணை முட்டைகள். சேவலின் நிழலைக்கூடக் காணாமல் கம்பிக் கூண்டுக்குள் நின்றபடியே தீனி தின்று, நின்றபடியே முட்டையிடும் கோழிகளின் முட்டைகள். வருஷம் முழுக்க அடைவைத்தாலும் அவை பொரியாது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். பீர்முகம்மது பாய் முதலில் முட்டை வியாபாரியைச் சந்தேகப்பட்டார். வேறு வியாபாரியிடம் வாங்கிப் பார்த்தார். பிறகு ஒரே அட்டையிலிருந்து ஒரு முட்டையைத் தானே உடைத்து, அடுத்ததை நாயகத்திடம் கொடுத்து உடைக்கச் சொன்னார். தன் கையில் மஞ்சள் கருவும் மாஸ்டரின் கையில் குஞ்சும் வந்ததைப் பார்த்த பிறகு, சமாச்சாரம் முட்டையில் இல்லை, கையில் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்து, முட்டை உடைப்பதற்கென்று தனியாக ஓர் ஆளைப் போட்டார். அதோடு கடையைப் பொறுத்தவரை பிரச்சினை தீர்ந்தது.

ஊர் அதைத் தன்னோடு சேர்த்துக்கொள்ள அதிக நாள் ஆகவில்லை. கடைக்கு வருகிறவர்கள், மாஸ்டர் கை படாமல் ஒரு ஆம்லெட் என்று சொல்லப் பழகிக்கொண்டார்கள். பெஞ்சுகளுக்கு அடியில் குஞ்சுகள் திரிந்தன. சாப்பிட வந்தவர்கள் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். பேருந்து நடத்துநர்கள் பிள்ளைகளுக்கென்று டிக்கெட் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். அம்மன் பெயர் வைத்துக்கொண்டவனுக்கு அம்மன் செய்கிற வேலை இது என்று கோயில் தெருக்காரர்கள் சொன்னார்கள். எல்லாம் படைத்தவன் நாட்டம் என்று பள்ளிவாசல் தெருக்காரர்கள் சொன்னார்கள். உயர்நிலைப்பள்ளி அறிவியல் வாத்தியார் மூன்று நாள் வந்து பார்த்துவிட்டு, நான்காம் நாளிலிருந்து பார்சல் மட்டும் வாங்கிப்போனார். சுற்றுப்பட்டி ஊர்களிலிருந்து பெண்கள் முந்தானையில் பண்ணை முட்டைகளை முடிந்துகொண்டு வந்தார்கள். பிள்ளையில்லாத வீட்டில் நாயகம் கை பட்டுப் பொரித்த குஞ்சு ஒன்று வளர்ந்தால் அந்த வீட்டிலும் தொட்டில் ஆடும் என்று யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது, ஆனால் சொல்லி முடிப்பதற்குள் கடை வாசலில் வரிசை நின்றது.

ஆண்கள் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டார்கள். வித்தே இல்லாத முட்டைக்கு உயிர் கொடுக்கிறான் என்றால் அவன் எப்படிப்பட்ட ஆம்பளையாக இருக்க வேண்டும் என்று சிரித்து அவன் முதுகில் தட்டினார்கள். பதினேழு வயதிலிருந்து அந்தக் கல்லின் முன்னால் வெந்துகொண்டிருந்தவனை அதுவரை யாரும் முதுகில் தட்டியதில்லை. நாயகம் வேலைக்குக் கிளம்பும்போது தலையைப் படிய வாரிக்கொள்ள ஆரம்பித்தான். பேச்சு ஒரு சுற்று கூடிற்று. வரிசைக்கு நடுவில் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, பெரிய மனுஷனைப்போலப் புகையை மேலே விடுவான்.

அவன் வீட்டில் மட்டும் தொட்டில் இல்லை.

அவன் மனைவி சண்முகவடிவு வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவள். கல்யாணமாகி மூன்று முறை கரு தங்கி, மூன்று முறையும் மூன்றாம் மாதம் முடிவதற்குள் கலைந்துபோனது. ஒவ்வொரு முறை கலைந்த பிறகும் அவளைத்தான் கூட்டிப்போனார்கள். அவள் ரத்தத்தை எடுத்தார்கள், வயிற்றுக்குள் மருந்து செலுத்திப் படம் எடுத்தார்கள், கைநரம்பு கன்னிப்போகும்வரை ஊசி போட்டார்கள், எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி அடுத்த சோதனைக்கு அனுப்பினார்கள். நாயகத்துக்கு ஒரே ஒருமுறை விந்தணு எண்ணிக்கை பார்த்தார்கள். வேண்டிய அளவுக்கு மேலேயே இருக்கிறது, நன்றாக ஓடுகிறது என்றார்கள். அதோடு அவனைப் பற்றிய கேள்வி மூடப்பட்டது. முட்டைகள் பொரிய ஆரம்பித்த பிறகு அதைத் திறக்க யாருக்கும் தோன்றக்கூட இல்லை.

அதனால் ஊருக்கு வந்த அதிசயம் வடிவின் தலையில்தான் விடிந்தது. கடை முட்டைக்கே உசுரு குடுக்கான் எம்மவன், அவனுக்கு ஒரு வயித்துல உசுரு வைக்கத் தெரியாதா என்று மாமியார் வெள்ளையம்மாள் தண்ணீர் பிடிக்கும் இடத்திலும் ரேஷன் கடையிலும் சொன்னாள். அவள் கெட்டவள் இல்லை; மருமகளுக்கு ஒவ்வொரு முறை கலைந்தபோதும் ராப்பகலாகப் பக்கத்தில் உட்கார்ந்து கஷாயம் வைத்துக் கொடுத்தவள்தான். ஆனால் பேரப்பிள்ளை வேண்டும் என்ற ஆசை அவளுக்குள் ஒரு முடிவாக இறுகிப்போயிருந்தது. தன் ஒன்றுவிட்ட தம்பி மகளை நாயகத்துக்கு இரண்டாவதாகக் கட்டிவைக்கலாம் என்று பேச ஆரம்பித்தாள். வேறு காலமாக இருந்தால் அந்தத் தம்பி சீறியிருப்பார். அதிசயம் நடக்கும் கைக்குப் பெண் கொடுக்க அவருக்கும் ஆசை வந்தது.

ஆடி முடிந்ததும் தம்பி வீட்டார் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். வெற்றிலை பாக்கோடு ஓர் அட்டை நிறையப் பண்ணை முட்டையும் கொண்டுவந்திருந்தார்கள். நாயகம் கூடத்தின் நடுவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தின் விளிம்பில் தட்ட, ஒவ்வொன்றிலிருந்தும் குஞ்சு வர, வந்தவர்கள் அதை ஜாதகம் பொருந்தியதைப்போலத் தலையாட்டி ஏற்றுக்கொண்டார்கள். வடிவு எல்லோருக்கும் காப்பி கொடுத்தாள். கடைசியில் வந்த குஞ்சு ஒன்று கிண்ணத்தைத் தாண்டித் தரையில் விழுந்து எழுந்திருக்க முடியாமல் கால்களை உதைத்தது. பேச்சு மும்முரத்தில் யாரும் பார்க்கவில்லை. வடிவு காப்பித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து அதை எடுத்து, முந்தானையால் ஈரத்தை ஒற்றி, கழுத்தோடு அணைத்துச் சூடு கொடுத்தாள். நாயகம் அதைப் பார்த்தான். அவளுடைய முழங்கை மடிப்பில் ஊசி போட்ட இடங்கள் கறுத்துக் கிடந்ததையும் பார்த்தான். அவ்வளவு நாளாக அதே கையால் சோறு வாங்கித் தின்றவனுக்கு அது அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

வந்தவர்கள் போன பிறகு வடிவு மிஷின் முன்னால் உட்கார்ந்தாள், தைக்கவில்லை.

"நீங்க கட்டிக்கிடுங்க, நான் தடுக்க மாட்டேன். ஆனா அதுக்கு முன்னால ஒரு தடவை எங்கூட பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு வாங்க."

"எனக்கு என்ன கொற? அன்னைக்கே பாத்துச் சொல்லிட்டாங்கல்லா?"

"எனக்கும் ஒண்ணுமில்லன்னுதான் சொல்லுதாங்க. ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்லன்னா, எம் மூணு புள்ளையளும் எங்க போச்சு?"

நாயகம் அன்றிரவு பாயில் படுத்துப் புரண்டு, விடிந்ததும் எழுந்து, தலை வாராமல் சட்டையை மாட்டிக்கொண்டு, கிளம்பு என்றான்.

பாளையங்கோட்டையில் டாக்டர் ஹெப்சிபா இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசினார். நாயகம் என்ன வேலை செய்கிறான், அடுப்பு எந்த உயரத்தில் இருக்கிறது, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நிற்கிறான், புகைப்பானா, எந்த வயதிலிருந்து என்று கேட்டார். அவனைப் பரிசோதித்தார். முட்டை விஷயம் அவருக்கும் தெரிந்திருந்தது. அவருடைய வேலைக்காரம்மா வீட்டில் அப்படி ஒரு கோழி வளர்கிறதாம். அதைச் சொல்லிவிட்டு, அது வேறு, இது வேறு என்று அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். ஒரு சின்னப் பாட்டிலைக் கையில் கொடுத்து உள்ளறைக்கு அனுப்பினார்கள். சுற்றுப்பட்டி ஊர்களிலிருந்தெல்லாம் பெண்கள் தேடிவந்த கைக்குள் அந்தப் பாட்டில் வழுக்கியது. தாழ்ப்பாள் சரியாக விழாத அந்த அறையில், சுவரில் ஒட்டியிருந்த கொழுகொழு குழந்தைப் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவன் வெகுநேரம் வெட்கத்தோடு நின்றான். ஆனால் பாதியில் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிடவில்லை.

அடுத்த வாரம் டாக்டர் முடிவைச் சொன்னார். எண்ணிக்கை இப்போதும் சரியாகத்தான் இருக்கிறது, ஓட்டமும் இருக்கிறது. ஆனால் எண்ணிப் பார்க்கிறபோது தெரியாத ஒன்று உள்ளே இருக்கிறது. ஒவ்வொரு விந்தணுவும் தன் தலைக்குள் ஓர் இழையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போகிறது. பிள்ளைக்கு அப்பன் கொடுக்கிற பாதி அதில்தான் எழுதியிருக்கிறது, டிஎன்ஏ என்பது அதுதான். நாயகத்தின் அணுக்களில் நிறையவற்றில் அந்த இழை அங்கங்கே அறுந்திருக்கிறது. விரைகள் உடம்புக்கு வெளியே தொங்குவதே அவற்றுக்குக் குளிர்ச்சி வேண்டும் என்பதால்தான். இத்தனை வருஷம் இடுப்பு உயரத்தில் தீ எரிந்திருக்கிறது, போதாததற்குப் பீடி. இவைதான் காரணம் என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் இவை இரண்டும் அந்த இழையைக் கெடுக்கக்கூடியவை.

"ஓடிப்போய்ச் சேர்றதுக்கு இழை நல்லா இருக்கணும்னு இல்ல. கரு உண்டாயிடும். வளர ஆரம்பிச்ச பிறகு, அறுந்த இடம் வரும்போது அப்படியே நின்னுடலாம்" என்றார் டாக்டர். "பெண்ணோட கருமுட்டைக்கு அதுல கொஞ்சத்தைச் சரிபண்ணுற சக்தி உண்டு. சின்னச் சின்ன அறுப்பை அது ஒட்டவச்சுக்கும். நிறைய இருந்தா முடியாது."

வடிவு அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"அப்ப இத்தன நாளும் எம் ஒடம்பு உள்ளுக்குள்ள தச்சுக்கிட்டு இருந்திருக்கு" என்றாள்.

நாயகம், இதைச் சரிசெய்ய முடியுமா என்று மட்டும் கேட்டான். புது அணுக்கள் உருவாகி வெளிவர இரண்டரை, மூன்று மாதம் ஆகும், அதனால் இன்றைக்கு மாற்றினால் அதற்குப் பிறகு வருகிறவை நன்றாக வர வழியிருக்கிறது, தீயை விட்டுத் தள்ளி நில்லுங்கள், பீடியை விடுங்கள், மருந்தைச் சாப்பிடுங்கள், மறுபடி பார்க்கலாம், உறுதி மட்டும் சொல்ல மாட்டேன் என்றார் டாக்டர். உறுதி நான் பார்த்துக்கிடுதேன் என்றான் நாயகம்.

அன்று மாலை அவன் கடைக்குப் போனான், துண்டு கட்டவில்லை. வேலையை விடப்போகிறேன் என்றதும் பீர்முகம்மது பாய்க்குக் கோபம் வந்தது. கல்லா மேஜையிலிருந்து எழுந்துவந்து, எந்தக் கடைக்காரன் கூப்பிட்டான் என்று கேட்டார். முட்டையோடு வரிசையில் நின்றவர்கள், பரோட்டாவுக்குக் காத்திருந்தவர்கள், டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நாயகம் காரணத்தைப் பாயின் காதோடு சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் அது பாயின் காதோடு நின்றுவிடும், தண்ணீர் பிடிக்கிற இடத்துக்குப் போய்ச் சேராது என்று அவனுக்குத் தெரியும்.

"மூணு புள்ளையும் நிக்காமப் போனதுக்குக் கொற எங்கிட்டத்தான் இருக்கு, முதலாளி. வடிவுகிட்ட இல்ல. டாக்டர் பாத்துட்டாங்க. இந்தத் தீயும் பீடியும் எனக்கு ஆகாது" என்று, கல்லில் எண்ணெய் பொரியும் சத்தத்துக்கு மேலே எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

மரக்கடை லிங்கதுரை வாய்விட்டுச் சிரித்தார். தன்னடக்கம் என்றார் ஒருவர். டாக்டர்கள் காசு பறிக்கிறார்கள் என்றார் இன்னொருவர். பெண்டாட்டி மிரட்டிச் சொல்லவைத்திருக்கிறாள் என்று வரிசையில் நின்ற ஒரு பெண்ணே சொன்னாள். பண்ணை முட்டைக்குள் கோழிக்குஞ்சு வந்ததை ஒரே நாளில் நம்பிய ஊர், குறை ஆணிடம் இருக்கிறது என்பதை நம்ப மாசக்கணக்கில் எடுத்துக்கொண்டது. வெள்ளையம்மாளின் தம்பி மட்டும் உடனே நம்பினார். பெண் கொடுக்கும் பேச்சை மறுநாளே நிறுத்திவிட்டார். இதற்காக வெள்ளையம்மாள் மகனோடு பேசுவதை விட்டாள். ஊர் நடுவில் நின்று தன்னைத்தானே அப்படிச் சொல்லிக்கொள்ளும் பிள்ளையைத் தான் பெறவில்லை என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

நாயகத்துக்குப் பால் குளிரூட்டும் நிலையத்தில் கேன் கழுவும் வேலை கிடைத்தது. கிடைக்கும் கூலி கடையில் வாங்கியதில் பாதிகூட இல்லை. வடிவு மிஷினில் இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாக உட்கார்ந்தாள். பீடியை விடுவதுதான் பெரும்பாடாக இருந்தது. விரல்கள் தாமாகவே சட்டைப்பைக்குப் போகும்; போகும்போதெல்லாம் எழுந்து நடப்பான்; அந்த மழைக்காலத்தில் சேர்ந்தகுளத்துக் கரையை அவன் சுற்றிய சுற்றுக்கு அளவே இல்லை. ஒருமுறை பீர்முகம்மது பாய் அவன் நடப்பதை மோட்டார் சைக்கிளிலிருந்து பார்த்து, நிறுத்தி, இறங்கி, ஒன்றும் பேசாமல் கொஞ்ச தூரம் கூடவே நடந்துவிட்டுப் போனார். ரம்ஜானுக்குத் தன் கையாலேயே பிரியாணி கொண்டுவந்து கொடுத்தார்.

முட்டைகள் பால் நிலையத்துக்கும் தேடிவந்தன. அவன் கை மாறவில்லை. தொட்டு உடைத்தால் குஞ்சுதான் வந்தது, வீட்டில் ஆம்லெட் வேண்டுமென்றால் வடிவுதான் உடைக்க வேண்டும். ஆனால் இப்போது அவன் ஒரு நிபந்தனை வைத்திருந்தான். பிள்ளை வேண்டும் என்று வருகிற பெண் தனியாக வந்தால் தொட மாட்டான். புருஷன் வர வேண்டும். வந்தால் மட்டும் போதாது, முதலில் பாளையங்கோட்டைக்கோ திருநெல்வேலிக்கோ எங்காவது போய்த் தன்னைப் பரிசோதித்துக்கொண்டு வர வேண்டும். எண்ணிக்கை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பினால் விடாதே, பிள்ளை தங்கித் தங்கிக் கலைகிறது என்றால் உள்ளே இழை எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சொல் என்றும் சொல்லி அனுப்பினான். திட்டிக்கொண்டு போனவர்கள் நிறைய. சாமி கொடுத்த வரத்துக்குச் சீட்டுக் கேட்கிறான் என்றார்கள். அவன் கேனைக் கழுவிக்கொண்டே, தொட மாட்டேன் என்று திருப்பித் திருப்பிச் சொன்னான்.

லிங்கதுரையும் ஒருநாள் மனைவியோடு வந்தார். அவருக்கும் கல்யாணமாகிப் பல வருஷமாகப் பிள்ளையில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வந்தது. கையில் முட்டை இருந்தது. பால் நிலையத்து வாசலில் அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்க, அவருடைய மனைவிதான் பேசினாள்.

"மொதல்ல அண்ணாச்சி போய்ப் பாத்துட்டு வரட்டும்" என்றான் நாயகம், அவளிடம் இல்லை, அவரிடமே. "எனக்கும் வெக்கமாத்தான் இருந்துச்சு. கதவு சரியாச் சாத்தாது, சாஞ்சி நின்னுக்கிடுங்க."

லிங்கதுரை போனார். அதற்குப் பிறகு காலையில் பாளையங்கோட்டை போகும் முதல் பேருந்தில் சேர்ந்தகுளத்து ஆண்களை அடிக்கடி பார்க்க முடிந்தது. கோர்ட் வேலை, உரம் வாங்க, மச்சான் வீட்டு விசேஷம் என்று நடத்துநரிடம் கேட்காமலே காரணம் சொல்லி டிக்கெட் எடுத்தார்கள். ஒருவரையொருவர் பார்க்காமல் தனித்தனி ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். சிலருக்கு ஒன்றுமில்லை என்றார்கள், சிலருக்கு மருந்து கொடுத்தார்கள், ஒருவருக்கு விரையில் நரம்பு வீக்கத்துக்குச் சின்ன ஆபரேஷன் செய்தார்கள், இரண்டு பேருக்கு வழியே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்த இரண்டு பேரின் மனைவிமாரும் அழுதார்கள். ஆனால் அவர்களை அதற்குப் பிறகு யாரும் மலடி என்று சொல்லவில்லை.

தை மாதத்தில் நாயகத்துக்கு மறுபடி சோதித்தார்கள். அறுப்பு பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது என்றார் டாக்டர் ஹெப்சிபா. இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்றார். அவர்கள் பொறுத்தார்கள். வெயில் ஏறியபோது வடிவுக்கு நாள் தள்ளிப்போனது. அதை அவள் நாயகத்திடம் மட்டும் சொன்னாள். இருவரும் அதைப் பற்றிப் பேசாமல், பேசினால் எங்கே அறுந்துவிடுமோ என்பதைப்போல, சோறு, தண்ணீர், மழை என்றே பேசிக்கொண்டு ஒவ்வொரு நாளையும் கடத்தினார்கள். முன்பு மூன்று முறையும் நின்றுபோன அந்த வாரம் வந்தது. நாயகம் வேலைக்குப் போகவில்லை, வடிவு மிஷினைத் தொடவில்லை. அந்த வாரம் போனது. அதற்கடுத்த வாரமும் போனது. ஸ்கேன் அறைக்குள் டாக்டர் சத்தத்தைக் கூட்டிவைத்தபோது, குதிரை ஓடுவதைப்போல ஓர் இதயம் அடிப்பது கேட்டது. நாயகம் சுவரில் சாய்ந்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டான். நர்ஸ் அவனுக்குத் தண்ணீர் கொடுத்து வெளியே அனுப்ப வேண்டியதாயிற்று.

மார்கழிக் குளிரில், தென்காசி அரசு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. வெள்ளையம்மாள் வந்தாள். மகனோடு இன்னும் சரியாகப் பேச்சு இல்லாததால் வார்டுக்குள் வராமல், கையில் வெந்நீர்ப் பிளாஸ்க்கோடு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வடிவு பார்த்தாள். அத்தை என்று கூப்பிட்டாள். தயங்கித் தயங்கிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்தவளின் கையில் குழந்தையைத் தூக்கிவைத்தாள்.

"ஒங்க மகனுக்குக் குணமாயிட்டு, அத்தை" என்றாள், மெதுவாக.

வெள்ளையம்மாள் குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டு, விலகியிருந்த துணியை இழுத்துக் காலை மூடினாள். அடுத்த கட்டிலில் ஒரு சின்னப் பெண் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவளுக்குக் காலையில்தான் நான்காம் மாதத்தில் கலைந்திருந்தது, அது அவளுக்கு இரண்டாவது முறை. அவளுடைய மாமியார் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு, இவளைக் கட்டினதிலிருந்து இப்படித்தான், வயிறு சரியில்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். வெள்ளையம்மாளிடமும் சொன்னாள்.

வெள்ளையம்மாள் பேத்தியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, சுவரைப் பார்த்துப் படுத்திருந்த பெண்ணுக்கும் கேட்கும்படியாக, "எங்க வீட்டுல கொற எம்மவனுக்குத்தான் இருந்துச்சு" என்றாள். "ஒம்மவனைக் கூட்டிட்டுப் போய்ப் பாரு."